இவாவைப் பழிவாங்கிய நாட்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூக்கம்: இல்லை. சாப்பாடு: ஒன்றரை தோசை. மனசு: பத்துக்கு இரண்டு.

இந்த மூன்றையும் தினமும் எழுத வேண்டும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதற்குக் கீழே மனதில் தோன்றுவதை எழுதலாமாம். யாரும் படிக்கமாட்டார்களாம். நல்லதாகப் போயிற்று. என் மனதில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். இவாஞ்சலினைப் பழிவாங்க வேண்டும்.

டைரியை அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்தார். சிவகாசியில் ஆகஸ்ட் மாதமே அடுத்த வருஷத்து டைரியும் காலண்டரும் அச்சாக ஆரம்பித்துவிடும். இது பைண்டிங்கில் கெட்டுப்போன ஒன்று, அட்டை தலைகீழாக ஒட்டியிருக்கிறது. அடுத்த வருஷத்து டைரி என்பதால் கிழமை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. புதன் என்று அச்சடித்திருப்பதை அடித்துவிட்டுச் செவ்வாய் என்று எழுதியிருக்கிறேன். இதை என்னிடம் கொடுக்கும்போது அப்பா, "முழு வருசமும் இருக்கு பாரு, எல்லாப் பக்கமும் எழுது" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாசலுக்குப் போய்விட்டார். செருப்புகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா ஒருநாளும் செருப்பு அடுக்கியதில்லை.

என் பெயர் மிருதுளா. எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. இவா ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். போன மாதம் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மதர் பிராமிஸ் வாங்கினேன். ஒன்பது நாள் கழித்து நேராகப் போய்ப் பி.டி. மிஸ்ஸிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

மதர் பிராமிஸ் என்பது விளையாட்டு இல்லை. காட் பிராமிஸை உடைத்தால் கடவுள் மன்னித்துவிடுவார், அவருக்கு ஆயிரம் வேலை. மதர் பிராமிஸை உடைத்தால் உடைத்தவளுடைய அம்மா செத்துப்போவாள். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அதனால் இதுவரை ஒருத்தியும் உடைத்ததில்லை. முதல் துரோகி இவாதான்.

அவள் சொன்னதும் என்ன ஆயிற்று? அம்மா மாவுக் கையோடு பள்ளிக்கு ஓடிவந்தாள். அப்பா ஒரு வாரம் லீவு போட்டார். வீட்டில் எந்தக் கதவுக்கும் இப்போது தாழ்ப்பாள் இல்லை. நான் குளிக்கும்போது அம்மா வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, "மிருது, தக்காளி கிலோ அறுபதாம்டி" என்கிறாள். நான் "ம்" என்று சொல்ல வேண்டும். "வெங்காயமும் ஏறிப்போச்சு." "ம்." ஒரு "ம்" தாமதமானால் கதவு திறந்துவிடுகிறது.

நான் இவாவிடம் சொன்னது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

தூக்கம்: பகலில். சாப்பாடு: ஞாபகமில்லை. மனசு: இரண்டு. இவாவின் மண்டையில் இடி விழ.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தூக்கம்: மூன்று மணி நேரம். சாப்பாடு: பெரியம்மா கொண்டுவந்த லட்டில் பாதி. மனசு: இரண்டு.

பெரியம்மா வந்து என் கையில் கறுப்புக் கயிறு கட்டினாள். எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்களாம். "இந்தப் புள்ளைக்கு என்ன கொற? வேளா வேளைக்குச் சோறு, கேட்ட துணி. நாங்கள்லாம் இந்த வயசுல தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

என்ன குறை என்று எனக்கே தெரிந்தால் சொல்லமாட்டேனா? ஒரு குறையும் இல்லை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, மார்க்கும் குறையவில்லை. மார்ச் மாதத்திலிருந்து எதுவும் ருசிக்கவில்லை, அவ்வளவுதான். கோ-கோ ஆடப் போனால் கால் கனத்தது. சிரிப்பு வருகிற இடத்தில் சிரிப்பு வரவில்லை. சரி, போய்விடும் என்று இருந்தேன். போகவில்லை. இதைப் பெரியம்மாவிடம் சொன்னால் இன்னொரு கயிறு கட்டுவாள்.

அம்மா அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். "அக்கா, கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். கொறையச் சொல்லிக் கேக்காத" என்று அவள் சொன்னது உள்ளே கேட்டது. அம்மா பெரியம்மாவை எதிர்த்துப் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தூக்கம்: நான்கு மணி நேரம். சாப்பாடு: பரவாயில்லை. மனசு: மூன்று. பழிவாங்கல் தொடங்கியதால் ஒரு மார்க் கூட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு பள்ளி. வகுப்பில் யாருக்கும் எதுவும் தெரியாது, காய்ச்சல் என்று மிஸ் சொல்லிவைத்திருக்கிறார். இவா நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் சுண்டுவிரலைத் தாடையில் வைத்துக் கா விட்டேன். சாதாரணக் கா இல்லை, ஆயுசுக்கும் கா. பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் பூர்விகா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மதியம் இவாவிடம் போய், "என் ஜாமெட்ரி பாக்ஸக் குடு. கிளிப் டப்பாவக் குடு. கலர் பேனா செட்டக் குடு" என்றேன். நான் கொடுத்தவைதான். ஜூலையில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இனி எனக்கு எதற்கு என்று. அவள் அத்தனையையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தாள். ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"மெடல் எங்கடி?" என்றேன். மாவட்டப் போட்டியில் நான் வாங்கிய கோ-கோ மெடல்.

"தரமாட்டேன். கிரவுண்டுக்கு வந்து வாங்கிக்கோ" என்றாள்.

திருடி.

ஆகஸ்ட் 20, புதன்

தூக்கம்: நான்கு. சாப்பாடு: ஓகே. மனசு: மூன்று.

இன்று நல்ல வேலை பார்த்தேன். இடைவேளையில் பூர்விகாவிடம், "என் ரகசியம் ஒன்ன இவா மிஸ்கிட்டப் போட்டுக்குடுத்துட்டா, வீட்டுல எனக்குச் செம அடி" என்றேன். அடி என்பது பொய். இருக்கட்டும். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. பூர்விகா அவளுக்குச் சிசிடிவி என்று பெயர் வைத்தாள். இவா உள்ளே வந்தால், "ஏய், சிசிடிவி ஓடுது, பேசாதீங்கடி" என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். மதியம் தனியாகச் சாப்பிட்டாள்.

பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மனசு: மூன்று.

பி.டி. அமலா மிஸ் என் பழிவாங்கும் வரிசையில் இரண்டாவது. அவர் என்னைக் கிரவுண்டுக்குக் கூப்பிட்டார். "ஆட வேணாம். விசில் வச்சுக்கிட்டு டைம் மட்டும் பாரு" என்றார். முடியாது என்றேன். "சரி, நாளைக்கும் கேப்பேன்" என்றார். என்ன பிறவி இவர்?

இன்னொன்றைக் கவனித்தேன். தினமும் ஒரு மணிக்கு மணி அடித்ததும் இவா சாப்பிடாமல் ஆபீஸ் ரூமுக்கு ஓடுகிறாள். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வருகிறாள். என்னைப் பற்றி அன்றாடம் ரிப்போர்ட் கொடுக்கிறாள் போலிருக்கிறது. பூர்விகாவிடம் சொன்னேன். லைவ் டெலிகாஸ்ட் என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தூக்கம்: ஐந்து. சாப்பாடு: இரண்டு சப்பாத்தி. மனசு: நான்கு.

இன்று அவளே வந்து மாட்டிக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னை மறித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. வலது உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"மிருது, ஒரு நிமிசம் நில்லுடி. நீ எங்கூடப் பேச வேணாம். கா இருந்துட்டுப் போகட்டும். பிராமிஸ மட்டும் திருப்பி எடுத்துக்கோ."

விஷயம் இதுதான். மதர் பிராமிஸைக் கழிக்க ஒரே வழி உண்டு. வாங்கியவள், கொடுத்தவளின் அதே உள்ளங்கையைத் தன் கையால் துடைத்து, "திருப்பி எடுத்துக்கிட்டேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. ஐந்தாம் வகுப்பில் நாங்களே உட்கார்ந்து முடிவுசெய்த சட்டம். அப்போது சேர்த்துவைத்த விதி இப்போது என் கைக்கு ஆயுதமாக வந்திருக்கிறது.

இவாவின் அம்மா ஜெயராணி அத்தை பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். அதுவும் வெடிமருந்து நிரப்புகிற அறையில். தீபாவளி ஆர்டர் என்பதால் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

"ஒடைக்கும்போது தெரியலயா?" என்றேன்.

"தெரியும்."

"அப்ப அனுபவி."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். நான் வந்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குச் சாம்பாரில் உப்பு தெரிந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

தூக்கம்: ஐந்து. சாப்பாடு: ஓகே. மனசு: மூன்று.

ஆஸ்பத்திரி. வரிசையில் இரண்டு மணி நேரம். அம்மா என் கையை விடவே இல்லை, வியர்த்துப்போயிற்று.

டாக்டரம்மா முதல் மூன்று வரியை மட்டும் பார்த்தார், கீழே படிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். "கோவம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். கோபத்தைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"உன் வயசுல இது அழுகையா மட்டும் வராதும்மா. நெறையப் பிள்ளைங்களுக்குக் கோவமாத்தான் வரும். தூக்கம் கெடும், சோறு பிடிக்காது, பிடிச்ச வெளையாட்டு பிடிக்காது. பாக்குறவங்க திமிருன்னு சொல்லுவாங்க. திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. மஞ்சக்காமாலை மாதிரி இதுவும் ஒரு சீக்கு. காரணம் இருந்தும் வரும், இல்லாமயும் வரும். மருந்தும் பேச்சும் சேர்ந்தா சரியாகும். கொஞ்சம் மெதுவா."

கோபமாவது என் சொந்தச் சொத்து என்று நினைத்திருந்தேன். அதையும் சீக்கில் சேர்த்துவிட்டார்.

பிறகு ஒரு சீட்டில் மூன்று கோடு போட்டுக் கொடுத்தார். அந்த நினைப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டிய மூன்று பேர். அம்மா, அப்பா என்று எழுதினேன். மூன்றாவது? இவா என்று கை போயிற்று, பழக்கதோஷம். அப்படியே காலியாக விட்டேன். அவர் அடியில் 14416 என்று எழுதினார். எந்த நேரத்திலும் கூப்பிடலாமாம், காசு கிடையாதாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தூக்கம்: ஆறு. சாப்பாடு: ஓகே. மனசு: நான்கு.

எழுதமாட்டேன் என்றதை எழுதிவிடுகிறேன். அடித்துவிட்டால் போகிறது.

ஜூலை 28, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். நான் சொன்னது: "எனக்கு இருக்கவே பிடிக்கல இவா. நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி. சீக்கிரமே போயிருவேன்." அவள் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் அவள் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் அம்மா மேல் பிராமிஸ் வாங்கினேன்.

ஆகஸ்ட் 6 காலையில் மெடலைக் கொடுத்தேன். அன்று மூன்றாம் பீரியடில் அவள் போய்ச் சொன்னாள்.

படித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. இவாவை மன்னிக்கவும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அமலா மிஸ் இன்றும் கேட்டார். தொல்லை தாங்காமல் விசிலை வாங்கினேன். டைம் மட்டும் பார்த்தேன். மனசு: நான்கு.

செப்டம்பர் 17, புதன்

காலாண்டுத் தேர்வு, கணக்கு. பத்து ஐம்பது இருக்கும்.

எங்கள் ஊரில் அந்தச் சத்தம் தீபாவளி வெடிச் சத்தம் மாதிரி இருக்காது. காதுக்கு வருமுன் ஜன்னல் அதிரும். ஜன்னல் அதிர்ந்தது. பிறகு சத்தம். எழுதிக்கொண்டிருந்த எல்லாக் கையும் நின்றது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். "உக்காருங்க, எழுதுங்க, ஒண்ணும் இல்ல" என்றார் கணக்கு மிஸ். அவர் குரலே சரியில்லை. மேற்குப் பக்கம் புகை எழும்பியது. கொஞ்ச நேரத்தில் சைரன்.

இவா எழுந்தாள். மிஸ் கூப்பிடக் கூப்பிட நடந்து வெளியே போனாள். ஓடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, பேப்பரைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஆபீஸ் ரூமில் கிளார்க் சண்முகத்தாய் அக்கா ஏற்கெனவே டெலிபோனில் ஆலை நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். இவாவைப் பார்த்ததும், "எங்கேஜ்டாவே இருக்கு பாப்பா. எல்லாரும் போன் அடிப்பாகள்ல. உக்காரு" என்றார். நான் நிற்பதைப் பார்த்து என்னிடம், "பாவம், இந்தப் புள்ள ஒரு மாசமா தெனமும் ஒரு மணிக்கு வந்து ஆலை ஆபீஸுக்குப் போன் போட்டு, எங்கம்மா இருக்காகளா, இருக்காகளான்னு கேக்கும். உள்ள செல்போன் விடமாட்டாகள்ல. போர்மேன் இருக்காகன்னு சொன்னப்பறந்தான் போய்ச் சோறு திங்கும். இன்னைக்குன்னு பாரு" என்றார்.

ரிப்போர்ட் கொடுக்கப் போகிறாள் என்று நான் சொன்னேனே. லைவ் டெலிகாஸ்ட்.

இவா பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்துபோயிருந்தது. என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒம்போது நாள் யோசிச்சேன். சொன்னா எங்கம்மா போயிரும், சொல்லாட்டி நீ போயிருவே. தெனமும் அம்மா மூஞ்சியப் பாப்பேன், உன் மூஞ்சியப் பாப்பேன். அப்பறம் நீ மெடலக் குடுத்தியா, இனி நாளில்லன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கம்மா போயிரும்னு தெரிஞ்சேதான் சொன்னேன் மிருது. நாந்தான் ஒடச்சேன். எங்கம்மாவ நாந்தான் குடுத்தேன்."

அவள் சத்தியத்தை மறந்துவிட்டுப் போய்ச் சொன்னாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மறக்கவே இல்லை. விலை தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள். என்னை.

அவள் கையை இழுத்தேன். தர மறுத்தாள், பிடுங்கித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. என் கையால் துடைத்தேன். "திருப்பி எடுத்துக்கிட்டேன். திருப்பி எடுத்துக்கிட்டேன். திருப்பி எடுத்துக்கிட்டேன்." மூன்று போதும். நான் எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை. சண்முகத்தாய் அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பதினொன்று இருபத்தைந்துக்கு லைன் கிடைத்தது. வெடித்தது வேறு ஆலை. அங்கே மூன்று பேருக்குக் காயம், உயிருக்கு ஆபத்தில்லை. ஜெயராணி அத்தையின் ஆலையில் எல்லோரையும் வெளியே அனுப்பி வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருக்கிறார்கள். போர்மேன் அத்தையைக் கூட்டிவந்து பேசவைத்தார். "என்னாடி இவா, பரீட்ச எழுதாம அங்க என்ன பண்ற?" என்று அத்தை அதட்டியது எனக்கே கேட்டது.

இவா போனை வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். நான் அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

சொன்னாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி கேட்டேன்ல? அன்னைக்கே எடுத்திருக்கலாம்ல?"

சுண்டுவிரலைத் தாடையில் வைத்தாள். கா. அப்படியே என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

தூக்கம்: இல்லை. சாப்பாடு: இல்லை. மனசு: ஒன்று.

அம்மாவிடம் இவா விஷயம் முழுக்கச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் புள்ள சொன்ன அன்னைக்கு நான் அவ கால்ல விழாத கொற" என்றாள். பிறகு அழுதாள். எனக்கு முன்னால் அம்மா அழுவது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 22, திங்கள்

மனசு: இரண்டு.

அறிவியல் பரீட்சை முடிந்ததும் வகுப்பில் எழுந்து நின்றேன். "வீட்டுல யாரும் என்னை அடிக்கல. அது பொய். எனக்குக் காய்ச்சலும் இல்ல. மனசுல சீக்கு. இருக்கவே வேணாம்னு நெனச்சேன். அதத்தான் இவா மிஸ்கிட்டச் சொன்னா. அதனாலதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போயி, இன்னைக்கு இங்க நிக்கிறேன். இனி யாராச்சும் அவள சிசிடிவின்னு கூப்பிட்டா எங்கிட்ட வாங்க."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மிரட்டலாகத்தான் சொன்னேன். இவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் பூர்விகா என் பக்கத்தில் வந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்த ஆஸ்பத்திரி எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். சிசிடிவி என்று பெயர் வைத்தவள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. "நாளைக்கு அமலா மிஸ்கிட்டச் சேந்து போவோம், நான் வாரேன்" என்றேன்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு பிராமிஸ் பண்ணு" என்று கையை நீட்டினாள்.

"இதுக்கு மட்டும் பண்ணமாட்டேன்" என்றேன். கோபித்துக்கொண்டு போனாள். மறுநாள் ஒன்பது மணிக்கு மிஸ் ரூம் வாசலில் எனக்கு முன்னால் நின்றாள். (இந்தக் கடைசி இரண்டு வரியும் இருபத்து மூன்றாம் தேதி எழுதியது.)

அக்டோபர் 2, வியாழன்

லீவு. இவா வீட்டுத் தெருவில் நான்கு முறை சைக்கிள் விட்டேன். நான்காவது முறை ஜெயராணி அத்தை வாசலில் மடக்கிவிட்டார். இவா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எம்மேல என்னமோ சத்தியம் வாங்கினியாமே?" என்றார் அத்தை. நான் தலை குனிந்தேன்.

"ஒரு தும்மல்கூட வரல எனக்கு. ஆனா எம்மக ஒரு மாசமா சோறு திங்கல. அவளுக்குக் கோவம் ஆற நாளாகும், பாத்துக்க" என்றார். பிறகு ஒரு தட்டு அதிரசம் கொடுத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். சாப்பாடு: ஐந்து அதிரசம்.

அக்டோபர் 8, புதன்

தூக்கம்: ஏழு. சாப்பாடு: மூன்று வேளை. மனசு: ஐந்து.

இவா பேசாமல் இருபத்தொரு நாள். பழிவாங்குவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் ஊரைக் கூட்டினேன், அவள் சும்மா இருந்தே கொல்கிறாள்.

இன்று அமலா மிஸ், "விசில் போதும், பத்து நிமிசம் உக்காரு" என்று என்னைக் கோ-கோ வரிசையில் உட்காரவைத்தார். துரத்துகிறவள் இவா. வேண்டுமென்றே செய்தாரா என்று தெரியாது. கோ-கோவில் உட்கார்ந்திருப்பவள் தானாக எழக்கூடாது. துரத்துகிறவள் முதுகில் தட்டிக் கோ சொன்னால்தான் எழலாம். சொல்லாமல் தட்டினால் ஃபவுல்.

இவா என்னைத் தாண்டி இரண்டு முறை ஓடினாள். மற்றவர்களுக்கே கொடுத்தாள். மூன்றாவது முறை ஓடுகிறவள் என் நேர் எதிரே மாட்டினாள், வேறு வழியே இல்லை. முதுகில் ஒரு அறை விழுந்தது. தட்டல் இல்லை, அறை. ஐந்து விரலும் பதிந்திருக்கும்.

"கோ" என்றாள்.

எழுந்து ஓடினேன். கால் கனத்துத்தான் இருந்தது, ஆனாலும் ஓடியது. அவுட் எடுத்தேன்.

முடிந்ததும் என் பையைத் திறந்தால் மேலே மெடல் கிடந்தது. பக்கத்தில் இவா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "இந்தா பாரு, மறுபடி நீ அப்படி ஏதாச்சும் சொன்னேன்னு வையி, மறுபடியும் போய்ச் சொல்லுவேன். எத்தன பிராமிஸ் வாங்கினாலும் சொல்லுவேன்" என்றாள்.

"சொல்லித் தொலை" என்றேன்.

வீட்டுக்கு வந்து டாக்டரம்மா கொடுத்த சீட்டை எடுத்து மூன்றாவது கோட்டில் இவா என்று எழுதினேன். பென்சிலில்தான். அவள் திமிருக்கு அது போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

தூக்கம்: ஆறு. சாப்பாடு: மதியம்வரை ஓகே. மனசு: காலையில் ஐந்து, மதியம் இரண்டு.

காரணம் ஒன்றும் இல்லை. நல்ல நாள்தான். பள்ளிக் கோ-கோ டீமில் என் பெயர் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று பழையபடி எல்லாம் தூரமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அந்த நினைப்பு வந்தது. போய்விட்டது என்று நினைத்திருந்தேன். எனக்கு அதன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவாமேல்கூட இத்தனை கோபம் வந்ததில்லை.

யாருக்கும் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இப்போதெல்லாம் குளிக்கும்போது அம்மா தக்காளி விலை சொல்வதுகூட இல்லை. கமுக்கமாக இருந்திருக்கலாம்.

அம்மா தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். ஒரு ஈடு முறுக்கு வெந்து, எடுத்து, அடுத்த ஈடு போட்டாள்.

"அம்மா, அடுப்ப அமத்து."

"ஏன், இன்னும் மாவு கெடக்கு."

"அமத்தும்மா. அந்த நெனப்பு வந்துருக்கு."

அம்மா அடுப்பை அணைத்தாள். எண்ணெயில் முறுக்கு பாதி வெந்தபடி கிடந்தது. மாவுக் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள். அன்று பள்ளிக்கு ஓடிவந்த அதே மாவுக் கை. "எப்ப வந்துச்சு?" என்றாள்.

"மத்தியானம்."

"சாயங்காலமே சொல்லிட்டியே" என்றாள். அழவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் என்னிடமும் பேசினார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், இடையில் மோசமானால் இன்றே வரலாம் என்றார். அப்பா அச்சகத்திலிருந்து பாதி வேலையில் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இவாவும் வந்தாள், அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து பாதி வெந்த முறுக்கைத் தின்கிறாள். நன்றாகவே இல்லையாம். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாள், கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தத் தடவை அவளுக்கு வேலை வைக்கவில்லை. நானே என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டேன்.